பூதலிங்கம் கேட்ட லீவு

பூதலிங்கம் நாகர்கோவில் பக்கத்துக்காரன். நிலம் இல்லை, நல்ல உயரம் இருந்தது, பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். பகவதியம்மாளைக் கட்டிக்கொண்டு வந்து, திருவனந்தபுரம் வலியசாலையில் தெருக்கோடியில் ஒரு அறை பிடித்துக் குடிவைத்தான். சனிக்கிழமை முகாமிலிருந்து நடந்து வருவான், ஞாயிறு சாயங்காலம் திரும்புவான். அவன் கதை இப்படியே ஓடியிருக்கலாம்.

ஐம்பத்தொன்றில் சமஸ்தானப் பட்டாளம் இந்தியப் பட்டாளத்தோடு சேர்ந்தது. வடக்கேயிருந்து ஒரு மேஜர் வந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆகவே ஜமேதார் குமார குறுப்பு சாயங்காலம் ஆட்களை உட்காரவைத்து இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்தார். பானி என்றால் தண்ணீர். சுட்டி என்றால் லீவு. ஜூட் என்றால் பொய். நஹி என்றால் இல்லை, வேண்டாம். குறுப்பு கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பார்க்க டில்லியிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. தன் பிழைப்பும் போய்விடுமோ என்று மனுஷருக்குப் பயம். அந்தப் பயத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டுமே!

பகவதிக்கு அது நிறைமாதம். தாய்வீடு என்று சொல்ல அவளுக்கு ஆளில்லை. "நோவு எடுத்தா ஆளனுப்பு. பழவங்காடியிலே குதிரைவண்டி பிடிச்சுக்கிட்டு நான் வந்திருவேன்" என்று பூதலிங்கம் சொல்லி வைத்திருந்தான். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் பால்காரர் முகாம் கேட்டில் வந்து தகவல் சொல்லிவிட்டுப் போனார். பூதலிங்கம் ஓடிப்போய் ஜமேதாரிடம் லீவு கேட்டான்.

"எடோ, இன்ஸ்பெக்ஷன் வரும்போதுதானே உங்களுக்கெல்லாம் வீட்டுல பிரசவம் வரும்? கள்ளம் பறையண்டா. போய்த் துப்பாக்கியைத் துடை."

"பொய்யில்லை சார். முதல் பிரசவம் சார்."

"பெண்ணுங்க பெறுவாங்கடோ. நீ போய் என்னா செய்யப் போற?"

சாயங்காலம் மறுபடி கேட்டான். விடிகாலையில் மறுபடி கேட்டான். அதே பதில்தான். கேட்டைத் தாண்டி ஓடியிருக்கலாமே என்பீர்கள். ஓடினால் வேலை போகும். பிறகு பகவதிக்கும் பிள்ளைக்கும் யார் சோறு போடுவது? அவனும் அதைத்தான் நினைத்தான்.

இன்ஸ்பெக்ஷன் நன்றாக முடிந்தது. ஜமேதாருக்கு வாயெல்லாம் பல். கேட்காமலே பாஸ் எழுதி நீட்டினார். பூதலிங்கம் பழவங்காடிக்குப் போய், பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, சொன்னபடியே வண்டி பிடித்துக்கொண்டு வலியசாலைக்கு வந்தான்.

தெருவில் பெண்கள் கூடி நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சிவகாமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "இப்பம் வண்டி கொண்டாந்தியே தம்பி! ஆசுபத்திரிக்குப் போவோம் மக்களேன்னு அவகிட்ட எவ்வளவு கெஞ்சினேன். 'அவுக வண்டியோட வருவாக, அக்கா, சொல்லியிருக்காக'ன்னே கிடந்தா. பிள்ளையும் தங்கலை, அவளும் தங்கலை."

வண்டிக்காரன் "நான் நிக்கணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றான் பூதலிங்கம்.

அவன் அழவில்லை. கொள்ளி வைத்தான், சாம்பல் கரைத்தான், பெரியவர்கள் சொன்னதையெல்லாம் செய்தான். முகாமுக்குத் திரும்பினான், சாப்பிட்டான், பரேடுக்குப் போனான். சோற்றில் உப்பிருந்ததா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. கோபம்கூட வரவில்லை. ஒன்று மட்டும் உள்ளே அசையாமல் கிடந்தது. தான் பொய் சொல்லவில்லை என்பதை அந்த மனுஷர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

பட்டாளத்து நியாயம் இருக்கிறதே, அது ஒரு தினுசு. ஜமேதார் மேல் புகார் சொல்வதானாலும் ஜமேதாரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். அவரே கூட்டிப்போய் மேஜர் முன்னால் நிறுத்துவார்.

"மேஜர் சாரைப் பார்க்கணும் சார். உங்க பேரில புகார்."

குறுப்பு மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அவன் சட்டையில் போடாமல் விட்டிருந்த பித்தானைத் தாமே போட்டுவிட்டார். "வாடோ" என்றார்.

மேஜர் முன்னால் பூதலிங்கம் தமிழில் சொன்னான். அதை இந்துஸ்தானியில் எடுத்துச் சொல்லக் குறுப்பைத் தவிர அங்கே வேறு ஆளில்லை. அடப் பாவமே, தன் மேல் உள்ள புகாரைத் தானே சொல்ல வேண்டியதாயிற்று! ஒரே ஒரு சொல்லுக்காகப் பூதலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மனுஷர் அதை விழுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தான். விழுங்கவில்லை. இவன் சொன்னது ஜூட் என்று நான் சொன்னேன், அது ஜூட் இல்லை சாஹிப் என்று குறுப்பு சொன்னார்.

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. பூதலிங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு அதே மரக்கட்டையாகத்தான் இருந்தது.

மேஜர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். குறுப்பு இவன் பக்கம் திரும்பினார். "சாருக்கு வலிய சங்கடம்டோ. ஒரு மாசம் லீவு தராராம். வீட்டுக்குப் போ."

"வீட்டுல யாரு இருக்கா சார்? இனி லீவு வேண்டாம்."

இவன் என்ன சொல்கிறான் என்று மேஜர் கேட்டார். குறுப்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த இந்துஸ்தானியில் பூதலிங்கமே சொன்னான்: "சுட்டி நஹி, சாஹிப்."

சல்யூட் அடித்தான். வெளியே போவதற்கு ஜமேதார்தான் கட்டளை கொடுக்க வேண்டும். கட்டளை வரவில்லை. அவனாகவே திரும்பி நடந்தான். அன்று சனிக்கிழமை, கேட்டில் காவல் அவன் முறை. வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.