பந்தயத்தில் ஓடிய குடை

நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஒருவருடைய கைக்கோல் உடைந்துபோனால், வழியில் நிற்கும் யாரிடமிருந்தும் அவர் வேறு கோல் வாங்கிக்கொள்ளலாம். அவரை யாரும் பிடித்துத் தள்ளி உதவத்தான் கூடாது. விதி இவ்வளவுதான். விதிகளைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கி ஓய்வுபெற்ற எனக்கு இதில் இப்போது சந்தேகம் எதுவும் இல்லை. எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மார்ச் மாதம் அப்பா ஒழுங்காகத் தூங்கியிருப்பார்.

சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து, கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். "நாம இங்க கெஸ்ட். எதையும் தொடக் கூடாது, எந்த வம்புக்கும் போகக் கூடாது" என்பது அப்பா எங்களுக்குப் போட்டிருந்த சட்டம். நடக்காதீர் என்ற பலகை இல்லாத புல்வெளியிலும் அவர் கால் வைக்க மாட்டார். அப்படிப்பட்டவர், அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார் என்று, கல்லூரிகளுக்கான தேசியப் பனிச்சறுக்குப் போட்டியைப் பார்க்க எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வெர்மான்ட் மலைக்குப் போனார். கூடவே, வளைந்த பிரம்புக் கைப்பிடி வைத்த நீளக் கறுப்புக் குடையும் வந்தது.

"ஸ்னோல யாருமே குடை பிடிக்க மாட்டாங்கப்பா. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க. ப்ளீஸ், மடக்குங்க" என்று அக்கா கெஞ்சினாள்.

"பாத்தா பாக்கட்டும். ஜுரம் வந்தா அவங்களா வந்து கஷாயம் வெச்சுக் குடுக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

முதல் நாள் மலைச்சரிவுப் பந்தயம். உச்சியில் ஒரு புள்ளி தெரியும். அது விழுகிறது என்று நான் கண்ணை மூடுவேன். திறப்பதற்குள் அந்தப் புள்ளி ஒரு மனிதனாகி, நட்டுவைத்த கம்பங்களை உரசி வளைந்து, பனியை எங்கள் முகத்தில் தெளித்துவிட்டு நின்றிருக்கும். மனிதர்களால் இப்படியும் முடியும் என்று பள்ளியில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காட்டுப் பாதையில் நெடுந்தூரப் பந்தயம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு செங்குத்தான மேட்டின் அடியில், அப்பாவின் குடைக்குக் கீழே நாங்கள் நால்வரும் ஒண்டிக்கொண்டு நின்றோம். வீரர்கள் ஒவ்வொருவராக மேடேறினார்கள். புருவத்தில் பனி உறைந்திருந்தது. ரயில் என்ஜின்போல மூச்சு விட்டார்கள். எங்கள் முன்னால் வந்தபோது ஒருவனுடைய கோல் படீரென்று முறிந்தது. ஒற்றைக் கோலோடு இரண்டு எட்டு ஏறினான். வழுக்கி இரண்டு எட்டு இறங்கினான். பின்னால் வந்தவன் அவனைத் தாண்டிப் போனான். அவன் எங்களைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ கத்தினான்.

அப்பா குடையை மடக்கினார். அந்த அவசரத்திலும் அதன் நாடாவைச் சுற்றிப் பொத்தானைப் போட்டார். பிறகு கைப்பிடிப் பக்கமாக அதை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு ஏறினான். ஒரு கையில் கோல், ஒரு கையில் எங்கள் குடை.

"போ! விடாத! ஏறு, ஏறு!" அலுவலக ஷூ பனியில் புதைய அப்பா தமிழில் கத்திக்கொண்டே அவன் பின்னால் ஓடினார். அப்பா கத்தி நான் கேட்டதும், அவர் ஓடி நான் பார்த்ததும் அன்றுதான். மலையிலிருந்து விழுந்தவர்களைவிட எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

மேட்டின் மேல் அவன் மறைந்த பிறகு, நனைந்த தலையோடு அப்பா திரும்பி வந்தார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள் அம்மா.

"நேஷனல் சாம்பியன்ஷிப் இதுப்பா!" என்றாள் அக்கா.

சற்று நேரத்தில் கையில் பட்டை அணிந்த பந்தய அதிகாரி ஒருவர் சறுக்கிக்கொண்டு வந்தார். குடை யாருடையது என்று கேட்டார். அப்பாவின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு வந்த வேகத்திலேயே போய்விட்டார். எதற்கு என்று அதிகாரிகளைக் கேட்கும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை.

காரில் திரும்பி ஊர் நெருங்கும்போது, "அட்ரஸ் வாங்கிட்டாங்க. ரிப்போர்ட் பண்ணுவாங்க. கிரீன் கார்ட் ஃபைல்ல போய் உக்காந்துடும்" என்றார் அப்பா.

"நான் அப்பவே மடக்கச் சொன்னேன்" என்றாள் அக்கா.

அதன் பின் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். "குடை வந்துச்சாப்பா?" என்று நான் ஓடுவேன். "இன்னும் எதுவும் வரலடா" என்பார். அப்போது அவர் முகம் தளரும். குடை வராத வருத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

பனியெல்லாம் கரைந்த பிறகு நீளமான ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே குடை. பனியில் புதையாதிருக்கக் கோலின் நுனியில் மாட்டும் வட்டத்தை அதன் நுனியிலும் யாரோ திருகியிருந்தார்கள். கூடவே ஒரு சீட்டு: மேடு ஏறும்வரை நன்றாகத் தாங்கியது, மேலே பயிற்சியாளர் வேறு கோல் கொடுத்துவிட்டார், பந்தயத்தை முடித்தேன், நன்றி. திருப்பி அனுப்பத்தான் விலாசம் வாங்கியிருக்கிறார்கள்.

அப்பா சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கூடத்திலேயே குடையை விரித்தார்.

"ஐயோ, வீட்டுக்குள்ள விரிக்காதீங்க, நல்ல நாளும் அதுவுமா!" என்று அம்மா அலறினாள்.

விரித்த குடையோடு அப்பா வெளியே போனார். எங்கள் புல்வெளியைக் கடந்து பக்கத்து வீட்டுப் புல்வெளிவரை நடந்தார், திரும்பினார், மறுபடியும் நடந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எதற்குக் குடை என்று எனக்குப் புரியவில்லை. அன்று சித்திரை முதல் தேதி.