நான்கு பேர் இருந்த கடை

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, தூறல் மட்டும் இருந்தது. ராஜபாளையத்தில் என் வீட்டு முன்னறையில், வழக்கம்போல் மீன் தொட்டியின் மேல் குனிந்து மீன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வரை வந்திருப்பேன். ‘டப்’ என்றது. தொட்டியின் மேல்பக்கம், முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கண்ணாடி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு உள்ளே விழுந்தது.

நான் நூற்பாலையில் முப்பத்து நான்கு வருடம் தரம் பார்த்தவன். நூலை எண்ணி எண்ணி, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள், சராசரி ஒன்பது நிமிடம். தொட்டியில் தங்கமீன்கள் பதினொன்று. தினமும் காலையில் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவேன். சில நாள், அன்று முழுவதும் நான் பேசிய பேச்சே அந்தப் பதினொன்றோடு முடிந்துவிடும்.

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் பதினெட்டு அங்குலம் இருந்த அகலம், நடுவில் பதினெட்டேகால். தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முழுத் தொட்டியும் வெடித்தால் பதினொன்றும் தரையில் துடிக்கும். விழுந்த துண்டை எடுத்து வைத்தேன். கையில் ரத்தம் வந்ததை அப்போதுதான் கவனித்தேன். துணியைச் சுற்றிக்கொண்டு, குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கினேன். பதிமூன்று வாளி. கூப்பிட்டால் வந்து ஒரு வாளி பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

பயம் கோபமாக மாறியது. உடைந்த துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். தொட்டி செய்து கொடுத்தவர் அங்கே படங்களுக்குக் கண்ணாடி அறுத்துப் போடும் ஃபிரேம் கடை வைத்திருக்கிறார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கடையில் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

“ஆறு எம்எம் கண்ணாடின்னு காசு வாங்கிட்டு நாலு எம்எம் போட்டு ஏமாத்திட்டீரே. தனியா இருக்கிற கிழவன், வந்து என்ன கேட்டிருவான்னு நெனச்சீரா?”

அதோடு நிற்கவில்லை. திருட்டு என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னேன். ஃபிரேம் போட வந்த ஒரு பெண் தன் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். கடைக்காரர் துண்டை வாங்கி விளிம்பைப் பார்த்தார். என் கைக்கட்டைப் பார்த்தார். தண்ணீரை எவ்வளவு இறக்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். பதிமூன்று வாளி என்றேன். ஒரு கண்ணாடிப் பட்டையை அளந்து அறுத்து, சிலிக்கான் பசையும் கயிறும் எடுத்துக்கொண்டு, கடையைப் பாதி சாத்திவிட்டு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டார். ராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

வீட்டில் பழைய பசையை பிளேடால் சுரண்டினார். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, குச்சியால் முறுக்கி, அகலத்தைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தார். புதுப் பட்டையை ஒட்டினார். அறை முழுக்கப் பசையின் வினிகர் வாடை. பசை பிடிக்கிறதா என்று பார்க்க நிற்க வேண்டியிருந்தது. என் வீட்டில் ஒரே நாற்காலி. நான் நிற்கிறேன் என்று அவர் உட்காரவில்லை. அவர் நிற்கிறார் என்று நானும் உட்காரவில்லை. இருபத்தைந்து நிமிடம் இருவரும் நாற்காலிக்கு இரண்டு பக்கம் நின்றோம். காலையில் ஏழோடு நின்ற எண்ணிக்கையை நான் வாய்விட்டு எண்ணி முடித்தேன், பதினொன்றும் இருந்தன.

அப்போது பழைய துண்டின் விளிம்பில் என் ஸ்கேலை வைத்துக் காட்டினார். ஆறு எம்எம்.

“கையில எங்க கிழிச்சிருக்கு அய்யா?”

கட்டை அவிழ்த்துக் காட்டினேன். விழுந்த துண்டை எடுக்கும்போது கிழித்தது என்றேன்.

“விழுந்தத எடுத்தா விரல்லதான் கிழிக்கும். இந்தா, என் கையப் பாருங்க.” அவருடைய விரல் நுனிகளில் தழும்புகள் இருந்தன. ஒன்பது எண்ணினேன். “உங்களுக்கு உள்ளங்கை அடியில கிழிச்சிருக்கு. மேல கை ஊனி நின்னாத்தான் அங்க கிழிக்கும். தெனமும் அப்படித்தான் நின்னு எண்ணுதீகளோ?”

நான்கு வருடமாக, தினமும். என் பாரத்தை அந்தப் பட்டை தாங்கியிருக்கிறது.

இதைக் கடையிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நாலு பேர் இருந்தாங்கள்லா” என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். கண்ணாடிக்கும் பசைக்கும் இருநூற்று நாற்பது, கூலி இருநூறு. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, “ரெண்டு நாளைக்குத் தண்ணிய ஏத்தாதீக. கயித்த அவுக்காதீக. மீனை எண்ணணும்னா எட்ட நின்னு எண்ணுங்க” என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் எண்ணவில்லை. வீட்டில் ஒரு குரலும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஓரமாக நின்றேன். ஒருவர் போனார், ஒருவர் வந்தார். நான்கு பேர் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “திங்கக்கிழமை நான் சொன்னது பொய். இவர் கண்ணாடியில குத்தமில்ல. கை ஊனி உடைச்சது நான்தான்.” அந்த நான்கு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவர் சிரித்தார்.

“இதுக்கா அய்யா இம்புட்டு நேரமா நிக்கீக? ஃபிரேம் விலை கேக்கக் கூச்சப்படுதீகன்னுல்ல நெனச்சேன்” என்றார் கடைக்காரர். ஆனால் கயிற்றை வாங்கிய கை, என் கையைச் சற்று நேரம் விடவில்லை.

திரும்பும் வழியில் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினேன். இப்போது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் எண்ணுகிறேன். படத்தை எடுத்துக்கொண்டு போன அந்தப் பெண் திரும்பி வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் என் மனதில் முடியாமல் இருக்கிறது. முடிந்த கணக்கு இதுதான்: கண்ணாடி, பசை, கூலி நானூற்று நாற்பது. பஸ் மூன்று முறை, நாற்பத்தைந்து. ஸ்டூல் ஒன்று இருநூற்று எழுபத்தைந்து என்று இரண்டு வாங்கினேன், ஏனென்றால் இனி யாராவது என் வீட்டுக்கு வந்தால் நிற்கக் கூடாது. இரண்டாவதில் இன்றுவரை யாரும் உட்காரவில்லை என்றாலும், அதையும் சேர்த்துத்தான் மொத்தம் ஆயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.