சேனனுக்கு விட்ட இடம்

சேனன் மரினன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திருப்பலியில் முழந்தாளிடுவான், எழுந்து நிற்பான்; எல்லோரும் அமரும்போது அவன் மட்டும் பின்னால் போய்த் தூணில் சாய்ந்துகொள்வான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து ஒரே வருஷம் படிப்பை நிறுத்தினவர்கள். அப்போதே வாத்தியார் அவனை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துத்தான் பாடம் சொல்வார்.

எங்கள் ஊர் கடலோரக் கால்ஃப் மைதானத்தில் அவன் பை சுமக்கிறவன். கோடையில் அமெரிக்காவிலிருந்து ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பதினெட்டுக் குழிக்கும் அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். பந்து விழுந்த இடத்தைக் காட்ட வேண்டும், எந்த மட்டை என்று சொல்ல வேண்டும், மழை பெய்தால் பெய்யவில்லை என்றும் சொல்ல வேண்டும். மற்ற பைக்காரர்கள் பஸ் வரும்வரை கொட்டகை பெஞ்சில் சீட்டாடுவார்கள். சேனன் வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருப்பான்.

"டேய் சேனா, சும்மா நடக்குறதுக்கும் உனக்குக் கூலி உண்டா?" என்று சீட்டாடிக்கொண்டே பைக்காரன் ஹோனன் கேட்பான்.

"நீ உட்கார்ந்தே தேய்ச்ச பெஞ்சுக்கு யாரு கூலி குடுக்குறா?" என்பான் இவன், நிற்காமலே.

காலில் சக்கரம் கட்டிய மனிதன் என்று ஊர் சிரித்தது. ஆனால் சின்ன வயசுப் பழக்கம் இப்படி முற்றின காரணம் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

சேனனின் அப்பன் செத்தபோது நிலமெல்லாம் மூத்தவன் மாலக்கிக்குப் போனது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கடலைப் பார்த்த உருளைக்கிழங்கு வயலை மட்டும் தம்பிக்கு வீடு கட்டத் தருவதாக மாலக்கி வாக்குக் கொடுத்திருந்தான். சேனன் இங்கிலாந்துக்குப் போய் ரோடு போடுகிற வேலை பார்த்தான். வீடு கட்ட ஊர் திரும்பினபோது வயலில் கொடி பறந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் ஆட வசதியாக மைதானத்தைப் பெரிதாக்குகிறோம் என்று கேட்டார்களாம், மாலக்கி விற்றுவிட்டான். இப்போது அதுதான் பதின்மூன்றாம் குழி.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. திருப்பலியில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டிய நேரத்தில் மாலக்கி ஒவ்வொரு ஞாயிறும் தூண் பக்கம் திரும்பிப் பார்ப்பான். சேனன் சுவரில் மாட்டியிருக்கும் சிலுவைப்பாதைப் படத்தைப் பார்ப்பான்.

ஆனாலும் அதே மைதானத்தில்தான் போய் வேலைக்குச் சேர்ந்தான். பதின்மூன்றாவது வரும்போது பை யாருடையதாக இருந்தாலும் வயலுக்குள் கால் வைக்கமாட்டான். ஆடுகிறவர் நடுவில் நடப்பார், இவன் ரோட்டோரக் கற்சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவான். என் தேநீர்க் கடை அந்தக் குழி தொடங்குகிற இடத்தில்தான் இருக்கிறது. அதனால் தினமும் பார்ப்பேன். மாலக்கிக்கு நோய் முற்றின பிறகு, மகள் அவனைக் காரில் கூட்டிவந்து அந்த ரோட்டில் நிறுத்துவாள். கண்ணாடியை இறக்கிவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். காரைக் கண்டால் சேனன் நடை ஓட்டமாகிவிடும். "என்னப்பா, தீயா பிடிச்சிடுச்சு?" என்று அமெரிக்காக்காரர்கள் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

மாலக்கி ஒரு சனிக்கிழமை இறந்தான். வீட்டில் உடலை வைத்து இரண்டு ராத்திரி செபமாலை சொன்னோம். தேநீரும் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும் குறையாமல் வந்தன, சேனன்தான் வரவில்லை. மாலக்கியின் மனைவி அட்ராக்டா என்னைச் சமையல் கட்டுக்குள் இழுத்தாள்.

"பிரைடி, பெட்டியோட முன்னால இடது பக்கம் சேனனுக்கு. நான் சொன்னேன்னு சொல்லு."

"அவன் வரலைன்னா?"

"காலியா போகட்டும். வேற எவன் தோளும் அதுக்குக் கீழ வரக்கூடாது."

எங்கள் ஊரில் சவப்பெட்டியின் முன்பக்கத்தை, இறந்தவருடைய குடும்பப் பெயரைக் கொண்ட ஆண்கள்தான் சுமக்க வேண்டும். மாலக்கிக்கு மூன்றும் பெண்கள். மரினன் என்ற பெயரில் மிஞ்சின ஆண் சேனன் ஒருவன்தான். முன்னால் வலது பக்கத்துக்கு ஆள் கிடைக்காமல், தாய்வழி உறவென்று தபால்காரரைப் பிடித்திருந்தார்கள்.

அடக்கத்தன்று காலை, பைக்காரர் கொட்டகைக்குப் போய் அவனிடம் சொன்னேன். அவன் குழாயடியில் நடந்துகொண்டிருந்தான்.

"காலியாவே போகட்டும்" என்றான்.

"சேனா, செத்தவன்கிட்டயா கோபம்?"

"உயிரோட இருந்தப்போ இருந்த கோபம்தான் பிரைடி. அவன் செத்தா அதுவும் சாகணுமா?"

பைக்காரர்களுக்கு மேஸ்திரி பிரெண்டன் லில்லிஸ். நல்லவர். "இன்னிக்கு உனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ" என்றார்.

"வீட்ல நாலு சுவர் இருக்கு. பையைக் குடுங்க."

லில்லிஸ் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஹால்வர்சன் என்று ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியரின் பையைக் கொடுத்தார். ஆளும் பெரியவர், பையும் பெரியது. மைதானத்தின் சின்னம் போட்ட வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு சேனன் கிளம்பிவிட்டான்.

நான் கறுப்புக் கோட்டைக் கடை ஆணியில் தொங்கவிட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊர்வலம் இந்த ரோட்டில்தான் வரும், வந்ததும் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைப்பு. தாயே, அவனை அந்த நேரத்தில் இந்தப் பக்கம் கொண்டுவந்து விடு என்று மனத்துக்குள் மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னேன். தாய் கேட்டாளோ, பல் வைத்தியர் பன்னிரண்டாம் குழியில் பந்தைத் தொலைத்துத் தாமதித்தாரோ, கோயில் மணி அடிக்கும்போது இருவரும் என் கடை வாசலில் நின்றார்கள்.

சேனன் தேநீரைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. கோப்பையோடு நாலடி போவான், வருவான். "சார், சீக்கிரம் அடிங்க. மழை வரும்" என்றான். மேகமே இல்லை.

ரோட்டு வளைவில் சவ வண்டியை நிறுத்திப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். அங்கிருந்து மேட்டுக் கல்லறை வரைக்கும் சுமந்து போவதுதான் வழக்கம். மைதானத்தில் அங்கங்கே பைக்காரர்கள் பைகளைத் தரையில் வைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் ஆட்கள் சாவுக்கு நிற்பார்கள், எந்த ஊர் விருந்தாளி காத்திருந்தாலும் சரி.

சேனனும் பையை இறக்கினான், தொப்பியைக் கழற்றினான்.

"சேனன், இதுக்கு எந்த மட்டை?" என்று ஹால்வர்சன் கேட்டார். அவர் ரோட்டைப் பார்த்தார். மட்டையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

பெட்டி கிட்டே வந்தது. ஆறு பேர் சுமக்க வேண்டியதை ஐந்து பேர் சுமந்தார்கள். முன்னால் இடது பக்கம் வெறும் காற்று. பாவம், தபால்காரர் வலது மூலையிலிருந்து கையை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்துக் கழுத்து சிவக்க வந்தார். பெட்டி சாய்ந்தே வந்தது. அட்ராக்டா பின்னால் நேராக நடந்தாள்.

சாவு எதிர்ப்பட்டால் மூன்று எட்டாவது அதோடு நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெட்டி நமக்கு என்பார்கள் எங்களவர்கள். வேதத்தில் அப்படி இல்லை என்று பங்குச் சாமியார் சொல்லுவார். அவரும் நடப்பார்.

சேனன் சுவருக்கு இந்தப் பக்கம், பெட்டிக்கு இணையாக மூன்று எட்டு வைத்தான். நின்றான். கடன் தீர்ந்தது என்று திரும்பப் போகிறான் என நினைத்து நான் கோட்டில் கை நுழைத்தேன். அப்போது தபால்காரரின் கால் கல்லில் இடறியது. பெட்டியின் மூலை சட்டென்று தாழ்ந்தது.

"ஐயோ, தூக்குங்கடா!" என்று கத்தினான் சேனன். "இடது பக்கம் தாழுது, கண்ணு தெரியலையா?"

அட்ராக்டா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "தாழுதுன்னா வந்து தூக்கேன்! அங்க நின்னு கத்துனா நிமிருமா?"

ஊர்வலம் நின்றுவிட்டது. சாமியார் செபத்தைப் பாதியில் விட்டார். சேனன் சுவரில் கை ஊன்றித் தாண்டினான். ரோட்டில் நின்றபிறகுதான் தன் மேல் இருக்கும் வெள்ளை அங்கியும் சின்னமும் ஞாபகம் வந்ததுபோல. முடிச்சை இழுத்தான். அது இன்னும் இறுகிக்கொண்டது.

"கழட்டாத" என்றாள் அட்ராக்டா. "அப்படியே வா. உங்க அண்ணன் உனக்காகக் காத்திருந்தது போதும்."

அவன் குனிந்து தோளைக் கொடுத்தான். பெட்டி நிமிர்ந்தது. தபால்காரர் "தாயே!" என்று மூச்சு விட்டது எனக்குக்கூடக் கேட்டது. நான் செபமாலையோடு பின்னால் சேர்ந்துகொண்டேன். வழியெல்லாம் முன்னால் அந்த வெள்ளை அங்கி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

கல்லறையில் குழியை அக்கம்பக்கத்தவர்தான் மூடுவோம். சேனன் மண்வெட்டியை வாங்கினவன் யாருக்கும் தரவில்லை. முடிந்ததும் அட்ராக்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"வீட்டுக்கு வா. சாப்பாடு இருக்கு."

அவன் காலை மாற்றி மாற்றி நின்றான். "ஒரு ஆளோட பையைப் பாதி ஆட்டத்துல போட்டுட்டு வந்துட்டேன், அண்ணி."

அண்ணி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். அட்ராக்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முடிச்சுட்டு வா. தட்டுல மூடி வைக்கிறேன். ஆறிப்போச்சுன்னா என்னைத் திட்டாத."

சேனனும் நானும் கடைக்குத் திரும்பி வந்தபோது ஹால்வர்சன் அதே இடத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே போகவிட்டிருக்கிறார். சேனன் மண் கையோடு பையை மாட்டினான்.

"உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் சார். இந்த வயலை வித்ததும் அவன்தான்."

பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நல்ல நிலம்" என்றார்.

"உருளைக்கிழங்கு அருமையா வரும். இந்தப் புல்லைப் போட்டுக் கெடுத்துட்டாங்க. சின்ன மட்டையே போதும் சார், அடிங்க. சீக்கிரம், எனக்கு அங்க சாப்பாடு ஆறுது."

அவர் அடித்தார். பந்து நடு வயலில் விழுந்தது. சேனன் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் ஓர் எட்டு வைத்தான். பிறகு திரும்பி, நேராக வயலுக்குள் இறங்கி நடந்தான், எப்போதும்போல வேகமாக.