டேஷ்போர்டில் இருந்த மாதா

ஐம்பத்தைந்து வயதில், மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்மணி இரண்டே சீட் உள்ள பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? மூன்றாவதாக ஒருவர் வந்தால் டிக்கியில் போடுவதா என்று என் கணவரே கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தவளக்குப்பத்தில் ஒரு ஷெட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த அந்த வண்டியைப் பார்த்த அன்றே பேசி முடித்துவிட்டேன்.

ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. பிரேக் போடும்போதெல்லாம் என் இடது கை கியரை விட்டுவிட்டுப் பக்கத்துச் சீட்டை நோக்கித் தானாக நீண்டது. அங்கே இருப்பவர் முன்னால் போய் மோதாமல் தடுக்கிற மாதிரி. அங்கே யாரும் இல்லை. எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அப்படிக் கை நீட்டிப் பழக்கமும் கிடையாது. பேய் பிசாசு என்று தாயத்து கட்டி வருகிறவர்களைக் கடையில் வைத்தே கிண்டல் செய்கிறவள் நான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயந்தேன். முன்பக்கத் தகரம் முழுக்க ஒட்டுப் போட்டது, எப்போதோ பலமாக மோதியிருக்கிறது என்று மெக்கானிக் வேறு சொல்லிவிட்டார். இதில் யார் போனார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இனி ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆர்.சி. புக் டூப்ளிகேட். அதில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. ஒருவர் ஷெட்காரரின் அப்பா, இப்போது உயிரோடு இல்லை. இன்னொருவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய். அவருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார் என்பதை டேஷ்போர்டுதான் காட்டிக்கொடுத்தது. நம் ஊரில் வண்டி வாங்கினால் முதல் வேலை அவரவர் சாமியை அதில் ஏற்றுவதுதானே. பாலிஷ் போடுவதற்காக, பசை வைத்து ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்தேன். அடியில் மங்கிப்போன 786 ஸ்டிக்கர். அதைச் சுரண்டினால், இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிய சின்னப் பித்தளைத் தகடு. அதில் மாதா. கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பாய்க்கு எண்பது வயது இருக்கும். வண்டியைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது மாதாவைத்தான். ஒரு சொல்தா வீட்டில் வாங்கினாராம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர் வீடு. அந்த வீட்டுப் பையன் இந்தக் காரில்தான் கடலூர் ரோட்டில் புளியமரத்தில் மோதிச் செத்துப்போனான். காரைச் சரிசெய்து விற்றவர் அவனுடைய அம்மா.

"அந்தம்மா ஒண்ணுதான் கேட்டாங்க. மாதாவ மட்டும் கழட்டாதீங்க பாய், ஒரு நாள்கூட கழட்டாதீங்கன்னு. மரியம் அம்மா எங்களுக்கும் வேண்டியவங்கதான். ஆனா சொந்தக்காரங்க வாய மூட முடியுமா? அதான் மேல ஸ்டிக்கர ஒட்டிட்டேன்" என்றார்.

கழற்றிய மாதா இருந்த கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினேன்.

செத்துப்போனவரின் தங்கை அதே வீட்டில், வைத்திக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், தனியாக இருக்கிறார் என்று பாய்தான் வழி சொன்னார். மறுநாள் மதியம் அந்தக் காரிலேயே போனேன். அறுபதைத் தாண்டிய அம்மாள். கேட்டைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, மாதாவை மேஜைமேல் வைத்து, பாய் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

"ஒரு நாள்கூடவா? அம்மா அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மாதாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார். அண்ணன் கார் வாங்கியதும் அம்மா கோயிலில் மந்திரித்து வந்து மாட்டிய மாதா அது. இவருக்குப் பிரெஞ்சுப் பள்ளியில் கடைசிப் பரீட்சை வந்தது. பயத்தில், முதல் நாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மாதாவைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் மாட்டிவிடலாம் என்று எண்ணம். இவர் திரும்பி வருவதற்குள் அண்ணன் கடலூர் ரோட்டுக்குப் போய்விட்டார். நொறுங்கிய காரை வீட்டுக்கு இழுத்து வந்த பிறகு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து மாதாவைத் திரும்ப மாட்டினாராம்.

"யாருக்கும் தெரியாதுன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லன்னா ஒரு நாள்கூட கழட்டாதீங்கன்னு ஏன் சொல்லப் போறாங்க? கடைசில படுத்த படுக்கையா கெடந்தாங்க. நான்தான் சோறு ஊட்டுனேன். என் மூஞ்சியவே பாத்துட்டு சாப்புடுவாங்க."

மன்னித்துவிட்டதால்தான் கேட்காமல் இருந்திருப்பார் என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

"கேட்டிருந்தா சொல்லி அழுதிருப்பேன்ல" என்றார்.

மாதா இல்லாமல் என்னைக் கிளம்ப விடவில்லை. காய் நறுக்கும் கத்தியோடு வந்து, "பிரேக் போட்டா நான் மோதாம இருக்க அண்ணன் கைய நீட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு ஸ்க்ரூவையும் அவரே முடுக்கினார். உதவிக்குப் போன என் கையைத் தள்ளிவிட்டார். பெற்றவள் சாகிற வரைக்கும் மகளிடம் சொல்லாமல் காப்பாற்றியதை, ஒரு பழைய கார் யாருடையது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், நான் ஒரே மதியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.