பின்படிக்கட்டின் நடத்துநர்

"உள்ள நகருங்க, உள்ள நகருங்க. நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு பாருங்க" என்று சுற்றிப் பார்க்க வந்த பதினான்கு பேரைத் துரையின் சாப்பாட்டு அறைக்குள் தள்ளிக்கொண்டு போகிறார் அந்த அம்மாள். இருபத்தாறு வருடம் பேருந்து நடத்துநர். ஓய்வு பெற்ற மறுமாதமே இங்கே தொண்டராக வந்துவிட்டார். இடிக்க வந்தவர்களை மறித்து, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்துத் தெருக்காரர்களே காப்பாற்றி வைத்திருக்கும் வெள்ளைக்காரத் துரையின் வீடு இது. சம்பளம் கிடையாது, அம்மாளின் அதிகாரத்துக்குக் குறைவில்லை.

துரையின் படம், பியானோ, அவர் சுட்ட மானின் தலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்தே நிமிடம். "சாப்பிட்டாரு, தூங்கினாரு, ஊருக்குப் போயிட்டாரு. வாங்க."

அம்மாளின் உயிரெல்லாம் பின்பக்கத்து மரப்படிக்கட்டில். இருபத்திரண்டு படி, ஓர் ஆள் அகலம், அரை இருட்டு. துரை மாடியில் குளிக்கத் தினமும் பதினாறு வாளி வெந்நீரை வேலைக்காரர்கள் சுமந்து ஏறிய வழி. அடிப்படியில் அம்மாள் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார். விருப்பப்பட்டவர்கள் தூக்கிக்கொண்டு ஏறலாம். விருப்பப்படாதவர்களும் ஏறிவிடுவார்கள், பார்க்கிற பார்வை அப்படி.

போன மாதம் ஒரு பெண் வாளியோடு வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். வீட்டைப் பராமரிக்கும் தெருக்காரர் குழுவின் செயலாளர் பயந்துபோனார். வங்கி மேலாளராக இருந்தவர். செயலாளராக இருந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூடப் பின்படியில் கால் வைக்காதவர். "நமக்கெதுக்கும்மா வம்பு? பலகை அடிச்சு மூடிடலாம்" என்று நகராட்சிக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

"மூடிட்டா, இந்த வீட்டுல துரை மட்டும்தான் இருந்தாருன்னு ஆயிடும் சார்." என்றார் அம்மாள்.

செவ்வாய்க்கிழமை நகராட்சியின் பாதுகாப்பு அதிகாரி கோப்பும் கையுமாக வந்தார். அம்மாள் கோப்பை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாளியை அவர் கையில் கொடுத்தார். "ஏறிப் பாத்துட்டு எழுதுங்க சார். ரைட்!"

அதிகாரி திகைத்தாலும் ஏறினார். ஒன்பதாம் படியில் காலணி நனைந்தது. திருப்பத்தில் தடுமாறிச் சுவரில் கையை ஊன்றினார். அந்த இடத்தில் சுவர் தேய்ந்து, குழிந்து, வழவழவென்றிருந்தது. உள்ளங்கை அதில் சரியாகப் பொருந்தியது.

"இது என்னம்மா?"

"தூக்கிட்டு வந்தவங்க எல்லாரும் அங்கதான் சார் கை வச்சாங்க."

அதிகாரி உடனே கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கி வந்து எழுதினார்: ஒரு விளக்கு, இடப்பக்கம் கைப்பிடி, ஒரு தடவைக்கு ஒருவர், பாதி வாளித் தண்ணீர். படிக்கட்டு திறந்திருக்கலாம்.

"நல்லதாப் போச்சும்மா" என்று செயலாளர் பெருமூச்சு விட்டு, முன்படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அம்மாள் வாளியைக் குழாயடியில் வைத்து விளிம்பு தளும்ப நிரப்பினார். கொண்டுவந்து செயலாளரின் கையில் மாட்டிவிட்டு, பின்படிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.