புனிதம் அக்கா கொடுக்க விரும்பியது

காலை பத்து மணியளவில் கடைத் தொலைபேசி அடித்தது. புனிதம் அக்காவின் தம்பி யோகலிங்கம். "அக்கா போயிட்டா" என்றார். நான் வாய் திறக்குமுன் அடுத்த வசனம் வந்தது. "ஆர் கேட்டாலும் ஹார்ட் எண்டு சொல்லுங்கோ."

சாவும் அதற்கான பொய்யும் ஒரே மூச்சில் வந்தன. அக்காவின் இருதயத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் மார்புப் புற்றுநோயால் இறந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் அவரைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் துணிக்கடைக்கு அடுத்த கதவு அவருடைய தையற்கடை. ஜிந்துப்பிட்டி நடைபாதையில் வெட்டுத்துண்டு விற்று மேலே வந்தவன் நான். துணியில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் இருந்தது. ஒருநாள் அக்கா வந்து, தழும்பில் உரசாத துணி எது என்று கேட்டார். என்ன தழும்பு என்றேன்.

"நெஞ்சு வெட்டின பொம்பிளையளுக்கு உள்சட்டை தைக்கப்போறன். ஒரு பக்கம் பஞ்சு வைக்கவேணும்."

நான் அளவுகோலைத் தேடுவதுபோல் குனிந்தேன். "பாவாடையும் பொடிஸும் விக்கிறீர் முதலாளி, நெஞ்சு எண்டு சொன்னா மேசைக்குக் கீழ போறீர்" என்று சிரித்தார். அப்போது அவருக்கு நோயில்லை.

அந்தச் சட்டைக்கு வருகிறவர்கள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் கிசுகிசுப்பது எனக்குக் கேட்காது. அக்காவின் பதில் வெளியே பெருந்தெருவான காலி வீதிவரை கேட்கும். "களவெடுத்த சாமானே பிள்ளை, மெல்லமாக் கதைக்க? நிமிர்ந்து நில்லும், அளவெடுக்க."

பிறகு அவருக்கே வந்தது. ஒரு பக்கம் வெட்டினார்கள். தன் சட்டையைத் தானே தைத்துக்கொண்டார். சில வருடத்தில் அது ஈரலுக்குப் போனது. அவருக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் அம்மா இந்த நோயை ஆராய்கிறவர். இறந்த சில மணித்தியாலத்துக்குள், நோய் பரவிய இடங்களிலிருந்து துண்டுகள் கிடைத்தால் அது எப்படிப் பரவுகிறது என்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை: செத்தவீட்டுக்கு உடலை ஆயத்தம் செய்கிற மலர்ச்சாலைக்காரர் அதைப் பாதுகாக்க மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அக்கா சம்மதக் கடிதம் எழுதி, என்னைச் சாட்சிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். தம்பி இருக்கிறாரே என்றேன்.

"அவன் அழுவான், வேலை செய்யான். நீர் அழமாட்டீர், வேலையை முடிப்பீர்."

நான் முடிக்கவில்லை. அன்று தொலைபேசியிலேயே யோகலிங்கத்திடம் சொன்னேன்: "கடிதம் ஞாபகம்தானே? அக்காவை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். மருந்து மட்டும் ஏத்த விடாதேங்கோ, ஏத்தினா எல்லாம் வீண்." இத்தனை வருடம் வியாபாரம் செய்தவன், எங்கே தட்டினால் சரக்கு உடையும் என்று எதிராளிக்கு நானே காட்டிக்கொடுத்தேன்.

டொக்டருக்குச் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். அக்கா கடைசி நாட்களில் தங்கியிருந்த யோகலிங்கம் வீடு ஹெவ்லொக் டவுனில், தூரமில்லை. சோதனைச் சாவடியில் சிப்பாய் என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று பார்த்தான். எங்கே போகிறாய் என்றான். செத்தவீட்டுக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். ஓரமாக நிற்கச் சொன்னான். அக்காவின் நேரம் வெயிலில் போய்க்கொண்டிருந்தது, நான் நின்றேன்.

வீட்டில் அக்கா இல்லை. மலர்ச்சாலைக்கு ஓடினேன். வேலைசெய்கிற மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பெஹெத் கஹலா இவரய், மாத்தயா." மருந்து ஏற்றி முடிந்துவிட்டது. அவரில் பிழையில்லை, யோகலிங்கம் சொன்னதைச் செய்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணர் வரவேண்டும், பாதை பூட்டு, பிளேனில் இடம் கிடைக்க நாலு நாள் செல்லும், உடல் தாங்காது, அதனால்தான் மருந்து ஏற்றியது என்று யோகலிங்கம் சனத்துக்குச் சொன்னார். இந்த யுத்தத்தில் கொழும்புச் செத்தவீடுகளின் வழமை அதுதான், ஒருவரும் சந்தேகப்படவில்லை. நான் தனியே கூப்பிட்டு, ரெண்டு மணித்தியாலம் பொறுத்தால் என்ன என்று கேட்டேன்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம். குடும்பத்தில இந்த வருத்தம் இருக்கெண்டு எழுத்தில போனா ஆர் வருவினம்?"

அழுதுகொண்டுதான் சொன்னார். அக்கா அவரைப் பாதிதான் சரியாகக் கணித்திருந்தார். அன்று அவர் அழுததோடு வேலையையும் செய்திருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து அந்த மகள் சுகன்யா கடைக்கு வந்தாள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. "அத்தையின்ர வருத்தம் எனக்குத் தெரியும் மாமா. ஏதோ கடிதம் எண்டு வீட்டில கதைச்சினம். நான் போனவுடனே நிப்பாட்டிப்போட்டினம். அது என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் சத்திரசிகிச்சையில் எடுத்த துண்டு மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் இருப்பதையும், அக்காவின் கடிதத்தில் அது சேராததால் அதை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவளுடைய அப்பா கையெழுத்து வைக்க மறுத்ததையும் சொன்னேன்.

"நான் வைக்கலாமோ?"

"டொக்டரைக் கேக்கவேணும். உம்மட கலியாணக் கதை நடக்குதே பிள்ளை."

"இதுக்குப் பயந்து வராத மாப்பிள்ளை, வராமலே இருக்கட்டும்."

டொக்டர் ஏற்றுக்கொண்டார். சுகன்யா கையெழுத்து வைத்தாள். அன்றே தன்னையும் சோதித்துக்கொண்டாள்.

மெழுகில் இருந்தது டொக்டரின் ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. ஈரலில் இருந்தது கனத்தைச் சுடலையில் எரிந்தது. அது என்ன சொல்லியிருக்கும் என்று இனி ஒருவருக்கும் தெரியவராது. அக்கா என்னை நம்பித் தந்த வேலை அது. அவரில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். அதை நான் ஆறவிடப் போவதில்லை. ஆறுதல் சொல்லக் கடைக்கு வருகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெண்களைச் சோதனைக்குக் கூட்டிப்போனார்களா என்று சொல்லிவிட்டு உட்காரட்டும்.