எழுபத்தெட்டு கிலோவுக்கு மிகாமல்

கொரட்டூரில் ஏரியைப் பார்த்த ஆறு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. ஒரு சனிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "மோட்டார் வீக்கா கீது சார். புதுசு வர்ற வரைக்கும் முந்நூத்தி நாப்பது கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க. ஏத்தினா கத்துற மாதிரி செட் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிப் போனார்.

உடனே செயலாளர் கூட்டம் போட்டார். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எதையும் எழுத்தில் வைத்துவிட்டால் அது நடந்துவிட்டதாக நம்புகிறவர். நான் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால் என்னை முன்னால் அழைத்தார்.

"டீச்சர், யார் ஏறலாம், யார் ஏறக்கூடாதுன்னு ஒரு ஃபார்முலா கொடுங்க."

அந்த வாரம் ஏழாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம்தான் அது. பலகையில் எழுதினேன்: x + 262 ≤ 340. "உள்ளே இருப்பவர்கள் மொத்தம் 262 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஏறுபவர் x. இரண்டு பக்கமும் 262ஐக் கழித்தால் x ≤ 78. எழுபத்தெட்டு கிலோ வரை இருப்பவர் ஏறலாம்."

செயலாளர் யோசித்தார். "கழிச்சா அந்தக் குறி திரும்பிடாதா?"

"திரும்பாது சார். கூட்டினாலும் கழித்தாலும் குறி அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் கழித்ததை மறுபக்கமும் கழிக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு தாளில் அவரவர் எடையை எழுதச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் குடியிருப்பே இளைத்துவிட்டது. செயலாளர் 72 என்று எழுதினார். ஐந்தாம் மாடி ஐடி தம்பதி 74, 61. ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்கு கேக் செய்து எடுத்துப் போகும் அடுத்த வீட்டு அக்கா 69. நான் 58 என்று எழுதினேன். அது என் கல்யாணத்தன்று இருந்த எடை. தாளை லிஃப்டுக்குள் ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஐந்தாம் மாடியில் நானும், அந்தத் தம்பதியும், அக்காவும் உள்ளே நின்றோம். கடைசியாக செயலாளர் ஏறினார். லிஃப்ட் கத்தியது. கதவு மூடவில்லை.

அவர் தாளைப் பார்த்து விரல்விட்டுக் கூட்டினார். "நீங்க நாலு பேரும் டீச்சர் பலகையில எழுதின அதே 262. அதோட என் 72 சேர்ந்தா 334. இன்னும் ஆறு கிலோ பாக்கி இருக்கு. கணக்கு சரி, லிஃப்ட்தான் தப்பு." மெக்கானிக்குக்கு போன் போட்டார். கொரட்டூரிலேயே இருந்ததால் பத்து நிமிடத்தில் படியேறி வந்துவிட்டார். அதுவரை ஒருவரும் இறங்கவில்லை. யார் இறங்கினாலும் அவர்தான் அதிகம் என்றாகிவிடுமே.

மெக்கானிக் தாளைப் படித்துச் சிரித்தார். "மிஷினு பொய் சொல்லாது சார். ஊட்ல எடை பாக்குற மிஷின் கீதா?"

அக்கா சாவியைக் கொடுக்க, மெக்கானிக் அவர் வீட்டிலிருந்து கருவியைக் கொண்டுவந்து லிஃப்டுக்குள்ளேயே வைத்தார். அக்காவே முதலில் ஏறினார்: 75. ஐடிக்காரர் 79, அவர் மனைவி 63. என் முறை வந்தது. செருப்பைக் கழற்றினேன், கைப்பையைக் கீழே வைத்தேன், மூச்சைப் பிடித்தேன். 66.

"இன்னா டீச்சர், நீங்களுமா!" என்றார் மெக்கானிக்.

செயலாளர் 84. மொத்தம் 367.

என் தொழில் என்னை விடவில்லை. "நாங்கள் நாலு பேர் 283 சார். 340இல் 283ஐக் கழித்தால் நீங்கள் 57க்குள் இருக்கணும்" என்றேன்.

"நான் எட்டாங்கிளாஸ்லயே அம்பத்தேழு டீச்சர்" என்றார் அவர், முகம் சிவக்க.

"ஒரே ஒருத்தரு எறங்கினா போதும். யார் எறங்கினாலும் கணக்கு சரியாப்பூடும்" என்றார் மெக்கானிக்.

அது உண்மைதான். என்னைக் கழித்தாலே 301. ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரிய தியாகம்போல ஐந்து பேரும் ஒன்றாக வெளியே வந்து படியில் இறங்கத் தொடங்கினோம். மெக்கானிக் காலி லிஃப்டில் ஒற்றை ஆளாக இறங்கினார்.

கீழே மெக்கானிக் தன் புகார் புத்தகத்துடன் காத்திருந்தார். செயலாளர் மூச்சு வாங்கியபடி, "லிஃப்டின் எடை கணிப்பில் கோளாறு" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. படித்துப் பார்க்காததுபோல் போட்டுக் கொடுத்தேன்.